தியோவின் ஒன்பது

நாலு இரவாகத் திரையில்
பதின்மூன்று இரண்டு தடவை நிற்கிறது.
ஒன்பதைக் காணோம்.

பாடக்குறிப்பு சீட்டுக்கட்டை உதாரணம் காட்டுகிறது.
நான் சீட்டு விளையாடினவள் இல்லை.
‘கையிலுள்ளதை உரிய இடத்தில் செருகு.’
எந்தக் கை?
கொம்பியூட்டருக்கு ஏது கை?

சஸ்கட்டூனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
பிள்ளைகள் காப்பகத்தின் நடையில்
பனிச்சப்பாத்துகள் வந்தது வந்தபடி கிடக்கின்றன.
அம்மாமார் வருமுன்
சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கவேண்டும்.
மார்லீனின் சட்டம் அது, சுவரில் ஒட்டியும் இருக்கிறது.

முதல் சோடியைத் தொடத் தேவையில்லை.
தனியே நிற்பது எப்போதும் ஒழுங்காகத்தான் நிற்கும்.
எட்டு, பத்து, பதினொன்று, பதின்மூன்று
ஒருவழியாக அமைந்துவிட்டன,
தட்டில் விரல் நுழைய இடைவெளி இல்லாமல்.
அடுத்தது தியோவின் ஒன்பது.

தூக்கினேன்.
அது இருந்த இடம் வெறுமையானது.
பதின்மூன்றை அதற்குள் தள்ளினேன்.
பதின்மூன்று விட்ட இடத்துக்குப் பதினொன்று,
பதினொன்று விட்ட இடத்துக்குப் பத்து.
எட்டைப் பார்த்தேன். சிறியது. நிறுத்திக்கொண்டேன்.
அவ்வளவு நேரமும்
உருகிய பனி என் மணிக்கட்டால் வழிந்து
சட்டைக் கைக்குள் முழங்கைவரை போயிருந்தது.

அட,
இந்தக் கைதான்.

என் நிரலில் நான் தூக்கவேயில்லை.
ஒன்பது நின்ற இடத்திலேயே நிற்க
அதன் தலைமேல் பதின்மூன்றை ஏற்றிவிட்டு
பிறகு ஒன்பது எங்கே எங்கே என்று
நாலு இரவு.

“என்ர சப்பாத்தை ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்?”
தியோ இதை ஆங்கிலத்தில்தான் கேட்டான்,
எனக்குத் தமிழில் கேட்டது.
எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் வைத்தேன்.
ஈரமாய் உட்கார்ந்தது.

இரவு ஒரு வரி சேர்த்தேன்:
யாரையும் நகர்த்துமுன், வந்தவரைக் கையில் எடு.
கைக்குப் பெயர் வைக்கச் சொன்னது நிரல்.
தியோ என்று வைத்தேன்.
எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பதின்மூன்று.
எழுந்துபோய்த் தேத்தண்ணீர் போட்டேன்,
சீனி இரண்டு கரண்டி.

பிறகு ஆசை விடாமல் ஓர் ஏழைக் கொடுத்துப் பார்த்தேன்.
எல்லோரையும் தள்ளிக்கொண்டு இடது பக்கமாகப் போய்
எட்டையும் தாண்டி
இன்னும் யாரையோ தேடி
விழுந்தது.
சிவப்பில் ஒரு வரி:
பூச்சியத்துக்குக் கீழே எதுவும் இல்லையாம்.

யன்னலைத் திறந்து காட்டலாம் போலிருந்தது.