பாசிமணி

எந்தத் திசையில் வண்டியைத் திருப்பினாலும்
கடலுக்கு ஐந்து மணி நேரமாவது ஆகும்
இந்த யாப்லொனெட்ஸில்
இருநூறு லிட்டர் கடல் வைத்திருக்கிறேன்,
முன்னறையில், தொலைக்காட்சி இருந்த இடத்தில்.
உப்பு வாளியில் வந்தது. மணல் மூட்டையில்.
கல் மட்டும் நிஜக் கடலிலிருந்து,
ஈரத்தாள் சுற்றி, விமானம் ஏறி.

பதினெட்டாம் நாள்
மணல்மேல் யாரோ கோகோப் பொடி தூவியதுபோல் இருந்தது.
இருபதாம் நாள் கண்ணாடியில்.
அதற்கு மறுநாள் கோமாளி மீன் இரண்டும்
ஒரு பழைய புகைப்படத்துக்குள் நீந்தின.

துடைத்தேன்.
வழுக்காது, ஒட்டாது. மாவாய் எழும்பும்,
சற்று நேரம் புகைபோல் நிற்கும்,
வேறு இடம் பார்த்து உட்காரும்.
காலையில் துடைத்தது மாலைக்குள் வந்துவிடும்.
எனக்கு விடுமுறை உண்டு. அதற்கில்லை.

மீன்கடை ஸ்திபோர் விளக்கைக் குறை என்றான்.
குறைத்தேன்.
தீனியைக் குறை என்றான்.
மீன்கள் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன்.
நத்தை ஐந்து விற்றான். இரவெல்லாம் மேய்ந்து
கண்ணாடியில் கோடு போட்டன,
ஈர விரலால் யாரோ எழுதிப் பழகியதுபோல்.
கோடுகளுக்கு நடுவே தவிட்டு நிறம் அப்படியே.
"புதுத் தொட்டிக்கு வரும் அம்மை,
தானாக இறங்கும்" என்றான் கடைசியில்,
விற்க வேறொன்றும் இல்லாமல்.

இரவுப் பணியில் பாசிமணி பிரிக்கிறவள் நான்.
குமிழ் விழுந்தது, விளிம்பு உடைந்தது, நிறம் தப்பியது:
கண் பார்க்குமுன் கை ஒதுக்கிவிடும்.
பகலில் பாசி துடைப்பு, இரவில் பாசி பொறுக்கு.
ஒருநாள் ஒரு துளித் தவிட்டைக் குப்பியில் எடுத்துப்போய்
ஆய்வறை ராத்மிலாவின் நுண்ணோக்கியில் வைத்தேன்.

படகுகள். ஊசிகள்.
மூடி பொருந்திய சின்னச் சின்னச் சிமிழ்கள்.
வரிசை பிசகாமல் துளையிட்ட
கண்ணாடி.
"யார் வார்த்தது?" என்றாள் ராத்மிலா.
ஒன்றைக்கூட நான் ஒதுக்கியிருக்க மாட்டேன்.

கண்ணாடியிலிருந்து கண்ணாடியைத்
துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீரில் கரைந்த மணலைத் தின்று வீடு கட்டுகிறவை.
சிலிக்கேட் தீர்ந்தால் அவையும் தீர வேண்டும்.
தீரவில்லையே.
நான் ஊற்றுவதோ நாலு வடிகட்டி தாண்டிய நீர்,
மானியை முக்கினால் சுழியம் காட்டும்.

ஒரு செவ்வாய், உலை பழுது, பாதியில் அனுப்பிவிட்டார்கள்.
அதிகாலை மூன்று மணி.
சமையலறையில் குழாய் ஓடும் சத்தம்.
ஓத்மார், உள்ளாடையோடு,
பீர் கூஜாவில் பிடித்து வந்து
தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"தண்ணி இறங்கியிருந்தது.
நீ களைச்சு வருவியேன்னு."
எத்தனை நாளாய்?
"முதல் நாள்லேர்ந்தே."

கருங்கல் மலையிலிருந்து வருகிறது எங்கள் குழாய் நீர்.
மலையும் கொஞ்சம் கரைந்துதான் வருகிறது.
மறுநாள் அளந்து பார்த்தேன்:
லிட்டருக்குப் பன்னிரண்டு மில்லிகிராம்
அக்கறை.

அன்றிரவு திட்டத்தான் வாயெடுத்தேன்.
அதற்குள் மீன் இரண்டும் அவன் கைக்கு நேரே
முன்கண்ணாடிக்கு வந்து வாலாட்டின.
என்னிடம் அப்படி வந்ததில்லை.

இப்போது நீல மூடிக் கேனில்
"இது மட்டும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.
மூன்று வாரத்தில் தவிடு மெலிந்தது, மணல் வெளுத்தது,
நத்தைகளுக்குப் பசி.
பின்சுவரில் கையகலம் துடைக்காமல் விட்டிருக்கிறேன்,
அவற்றுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டு.

நேற்று வடிகுழாய் ஓரமாய்ப்
பச்சையாக ஏதோ.
ஸ்திபோருக்குச் சொல்லவில்லை.

ஓத்மார் கேனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்:
"கோடு வரைக்குமா?
கோட்டுக்கு மேலே கொஞ்சமா?"