கண்வெள்ளை

விழுந்தது என்று சொல்லியிருக்கலாம்.
கட்டிலால், கதிரையால், ஏதோ ஒன்றால்.
விழுகிற பிள்ளைகளை அவர்களுக்குத் தெரியும்,
மாவைக் குழைத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள்.
விழவில்லை என்றேன்.
துணி மாற்றக் காலைத் தூக்கினேன்,
அப்பளம் முறிகிற அளவு ஒரு சத்தம்.
அவ்வளவுதான், மிஸ்.

ஐந்து மாதம். தொடையில் புது முறிவு.
விலாவில் இரண்டு பழையவை,
யாரும் கேளாமல் தானாக ஒட்டியவை.
வயிற்றுக்குத்து என்று
ஓமத்தண்ணீர் பருக்கிய இரவுகள்
கறுப்புப் படத்தில் வெள்ளைக் கோடாய் நின்றன.

பொலிஸ்காரி சிங்களத்தில் கேட்டாள்.
சாப்பாட்டு வண்டி தள்ளுகிற அண்ணன்
பாதியை விழுங்கி, வெட்கப்பட்டுத் தமிழில் சொன்னார்.
என் 'தெரியாது'
அவர் வாயில் 'சொல்ல மாட்டாளாம்' என்று ஆனதோ என்னவோ,
அவள் நெடுநேரம் எழுதினாள்.
பிறகு ரெஜினோல்டின் கைகளைப் பார்த்தாள்.
நாலாம் குறுக்குத் தெருவில்
வெங்காய மூடை இறக்குகிற கைகள்.
அவன் அவற்றைக் கதிரைக்கு அடியில் ஒளித்தான்.
ஒளித்ததையும் எழுதினாள்.

அன்றிலிருந்து பால் கொடுக்க மட்டும் நான்,
பக்கத்தில் காவலுக்கு ஒருத்தி.
அவனுக்கு வாட்டு வாசல் வரைக்கும்.

அவளைத் திட்டவும் முடியவில்லை.
எதிர்க் கட்டிலில்
உள்ளங்காலில் சிகரெட் சுட்ட பையன்.
அவனுக்காக வந்ததும்
அதே பொலிஸ்காரிதான்.

பதினோராம் நாள்,
பொரளை மழை விட்ட பின்னேரம்,
புதிதாய் வந்த சின்ன டொக்டர்
ஜெரூஷாவை ஜன்னல் பக்கம் திருப்பி
இமையை விரித்துப் பார்த்தார்.
'கண்வெள்ளை எப்போதிருந்து நீலம்?'

பிறந்ததிலிருந்து.
ஜம்பட்டா வீதியில் எல்லோரும் அழகென்றார்கள்.
மாதாவின் முக்காட்டு நிறம் என்று
நானும் பெருமைப்பட்டேன்.

பெயர் நீளம், துண்டில் எழுதித் தந்தார்.
எலும்பு கண்ணாடியாம், பிறவியிலேயே.
இரத்தம் வெளிநாடு போய்ப்
பதில் வர மூன்று மாதம்.
கோப்பை மூடினார்கள்.
மன்னிப்பு என்ற சொல்லை
அந்த அண்ணனுக்கு மொழிபெயர்க்க வேலை வரவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறாள்.
தலையணையோடு சேர்த்துத்தான் தூக்குகிறேன்.
ரெஜினோல்ட் தூக்குவதில்லை.
ஐம்பது கிலோ மூடைகளை இறக்கிவிட்டு வந்து
சவர்க்காரம் போட்டுக் கை கழுவி
பாயில் ஒரு முழம் தள்ளிப் படுப்பான்.

நேற்று அவள்தான் உருண்டு போய்
அவன் சுண்டுவிரலைப் பிடித்தாள்.
அவன் இழுக்கவில்லை, மூச்சும் விடவில்லை.
சத்தம் வருகிறதா என்று
இருவரும் கேட்டுக்கொண்டு கிடந்தோம்.