நகல் ஒன்றுக்குப் பதினான்கு டாலர்

இறந்தவர்களைத் தேடி வருபவர்கள்
முதலில் குளிரைப் பற்றித்தான் பேசுவார்கள்.
பூட்ஸில் ஒட்டிய பனியைக் கால்மிதியில் உதறி
காற்று வடக்கே திரும்பிவிட்டது என்பார்கள்.
நானும் ஆமாம் என்பேன்.
பிறகு படிவத்தை நீட்டுவேன்.

ஹெட்லண்ட் கவுன்டி நீதிமன்றத்தின் நிலவறை.
பத்தொன்பது வருடமாக இந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
டார்லீன் ஃபைஃப்லி ஆகிய நான்.
முதல் நகல் பதினான்கு டாலர்,
அடுத்தடுத்தது ஐந்து.
தேடிக் கிடைக்காவிட்டாலும் பதினான்குதான்:
"பதிவு இல்லை" என்று முத்திரையிட்டு
ஒரு கடிதம் தருவோம்.
இல்லாததற்கும் விலையா என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.
தேடியது என் முதுகு என்று
நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் ஒரு பெண் பன்னிரண்டு நகல் வாங்கினாள்.
வங்கிக்கு, காப்பீட்டுக்கு, பிக்கப் வண்டிக்கு,
போன் கம்பெனிக்கு மூன்று.
கணக்கை மூட அவரே பேச வேண்டும் என்கிறார்களாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தாள்,
சிரிப்பு பாதியில் நின்றது,
மீதியை நான் சில்லறை எண்ணி நிரப்பினேன்.

செவ்வாய்க்கிழமை ஆரின் ஸ்காக்ஸ்டாட் வந்தார்.
கோதுமைக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதாம்.
தாத்தா ஹால்வோர் இரண்டு கல்யாணம் செய்தவர்.
இரண்டாவதற்கு முன்பே முதல் மனைவி இறந்தாள் என்று
வக்கீலுக்கு ஒரு காகிதம் வேண்டும்,
அவ்வளவுதான்.
"டோர்போர்க். பதினெட்டாம் வருடக் காய்ச்சலில்
போய்விட்டாள் என்று வீட்டில் சொல்வார்கள்."

1918 புத்தகம் கன்றுக்குட்டி கனம்.
அதில் அவள் இல்லை.
பத்தொன்பதில் இல்லை, இருபதில் இல்லை.
பெயரின் எழுத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன்,
எங்கள் பழைய குமாஸ்தாக்களுக்கு
நார்வேக்காரர் பெயர் என்றால் ஓர் அலட்சியம்.
கடைசியில், யாரும் கேட்காததால்
தூசிகூடக் கலையாத ஒரு தனிப் பதிவேடு.
மேற்கு எல்லையில் இருந்த மனநல விடுதியுடையது.

வந்தது: நவம்பர் 1918.
இறந்தது: மார்ச் 1927.
காரணம்: காசநோய்.
அடக்கம்: எண் 212.
தகவல் தந்தவர்: எவருமில்லை.
மணநிலை:
மணமானவர்.

வீட்டில் பொய் சொல்லவில்லை.
பதினெட்டில் அவள் போய்விட்டாள்தான்.
நாற்பது மைல், குதிரை வண்டியில்.

ஹால்வோரின் இரண்டாவது கல்யாணம்
இதே அலமாரியில், ஒரு தட்டு கீழே:
ஜூன் 1919.
மணநிலைக் கட்டத்தில் மனைவியை இழந்தவர் என்று
அவர் சொல்லியிருக்கிறார், குமாஸ்தா எழுதியிருக்கிறார்.
அங்கே அந்த விடுதியில்
ஒருத்தி எட்டரை வருடமாகக்
கேட்கிறவர்களிடமெல்லாம்
எனக்குக் கல்யாணமாகிவிட்டது என்று
சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.
யாரோ ஒரு நர்ஸ் நம்பி எழுதினாள்.

ஆரின் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார்.
கல் உடைத்த, டிராக்டர் நட்டு கழற்றிய தடித்த விரல்.
வெகுநேரம் எடுக்கவில்லை.
பிறகு என்னைப் பார்க்காமல்,
"கிடைக்கவில்லை என்ற கடிதமும்
பதினான்குதானே?"

"அதே விலைதான்" என்றேன்.
என் இடப்பக்கம் ஒரு முத்திரை,
வலப்பக்கம் ஒரு முத்திரை.
எண்ணெய்ப் பணம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.
அவர் பிள்ளைகளை எனக்குத் தெரியும்,
கடைக்குட்டி என் மகனோடு ஹாக்கி ஆடுகிறான்.
"ஆனால் கிடைத்துவிட்டதே, ஆரின்."

ஹீட்டர் ஒருமுறை இருமிவிட்டு ஓய்ந்தது.

அவர் படிவத்தை இழுத்துக்கொண்டார்.
நகல்கள்: இரண்டு.
இறந்தவருக்கு உங்கள் உறவு என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
பேரன் என்று எழுதினார். அடித்தார்.
அவள் என் தாத்தாவின் மனைவி என்று
முழு வாக்கியமாக,
கட்டத்துக்கு வெளியே வழிய எழுதினார்.

பத்தொன்பது டாலர். இருபதாகத் தந்தார்.
விடுதியின் கல்லறைக்கு எந்தச் சாலை என்று கேட்டார்,
பனி உருகும்வரை போக முடியாது என்றேன்.
மீதிச் சில்லறைக்கு நிற்கவில்லை.

மாலையில் பெட்டியில் ஒரு டாலர் கூடுதல்.
தணிக்கைக்காரருக்குச் சீட்டு எழுத வேண்டும்.
கூடுதல்: ஒன்று என்று எழுதினேன்.
காரணம் என்ற இடத்தை
இன்னும் நிரப்பவில்லை.