மூன்றாம் எச்சரிக்கை

புட்டியின் கழுத்தில் என் மகன் பெயர்:
கோவிலென் வீரப்பென், வயது ஒன்பது.
கீழே சிவப்பு மையில் ஓர் எண்.
அந்த எண் கிடைக்க ஏழு மாதம்.

தோற்றுப்போன மருந்துகளின் பட்டியல் கேட்டார்கள்,
எது, எத்தனை நாள், எப்படித் தோற்றது.
வலிப்புகளைக் கணக்கெடுக்கச் சொன்னார்கள்.
நான் பஸ் கண்டக்டர். எண்ணுவது பழக்கம்.
டிக்கெட் புத்தகத்தின் முதுகில் குறித்தேன்;
ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் பதினேழு.
குழு கூடவில்லை, ஒருவருக்கு விடுப்பு.
பிறகு கூடியது.
மூன்றாவது கையெழுத்தின் மை பரவிவிட்டதென்று
இன்னொரு முறை கூடியது.

காந்தோஸ் ஆஸ்பத்திரியில் ஒரு ஜன்னல்,
மாதத்தில் ஒரு நாள்.
காலிப் புட்டியைத் தந்தால்தான் புதியது.
மதாம் லாபுஷ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.
கஞ்சா என்று அங்கே யாரும் சொல்வதில்லை.
எண்ணெய் என்போம்,
ஏதோ தலைக்குத் தேய்க்கப் போவதுபோல்.

பிப்ரவரியில் புயல்.
ஜன்னல் திறக்கும் நாளுக்கு முந்தின மாலை
மூன்றாம் எச்சரிக்கை. பஸ் கிடையாது, எதுவும் கிடையாது.
சிவானி புட்டியை வெந்நீரில் நிறுத்தி
சுவரோரம் ஒட்டியிருந்ததைக் கீழே இறக்கினாள்.
ஒரு வேளைக்குக்கூடப் போதவில்லை.

பின்கதவைத் தட்டியது பக்கத்து வீட்டு அர்லே.
மழைக்கோட்டுக்குள் ஒரு ஜாம் ஜாடி, அதில் காந்தியா.
நான்கு செடிக்குப் பதினான்கு மாதம்
போபாசென் சிறையில் இருந்தவர்.
"பையன் சத்தம் எனக்கும் கேட்கிறதே" என்றார்,
குரலைத் தாழ்த்தாமல். அந்தக் காற்றில் யார் கேட்பது?

ஜாடியில் பெயர் இல்லை. எண் இல்லை.
எத்தனை சொட்டு என்று எழுதியிருக்கவில்லை,
சொட்டே இல்லை, இலைதான்.
தகரக் கூரை தூக்கித் தூக்கி அடித்தது.
சிவானி என்னைப் பார்த்தாள்,
நான் ஜாடியைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள், ஜன்னல்.
"கழுவினீர்களா?" என்றார் மதாம் லாபுஷ்,
புட்டி அவ்வளவு சுத்தம்.
இல்லை, என் மனைவி வழித்தாள் என்றேன்.
என் ஈரச் செருப்பைப் பார்த்தார். மேலே கேட்கவில்லை.
படிவத்தைத் திருப்பினார்:
"புயல் இரவில் எத்தனை?"

ஐந்து என்றேன். எழுதிக்கொண்டார்.

ஆறாவது
நான் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு
நின்றிருந்தபோது வந்தது.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
எனக்குத் தெரியவில்லை.