முப்பத்தைந்து

காட்பாடியில் வண்டி நின்றபோது
குளிர்பெட்டிக்குள் இருந்தது கடல்.
தொண்டியில் ஏற்றியது, ஓர் இரவுப் பயணம்.
மூடியைத் தூக்கிப் பார்த்த பரிசோதகர்
"மீனா?" என்றார்.
"புல்" என்றேன்.
இன்னொருமுறை குனிந்து பார்த்துவிட்டு
"மீன்னா பார்சல் போட்டிருக்கணும்" என்று நகர்ந்தார்.

கல்லூரியின் மூன்றாம் மாடியில் ஆறு தொட்டிகள்.
அந்தச் சன்னலில் கோட்டை தெரியாது, பாலாறு தெரியாது,
எதிரே மொட்டைப் பாறை மலை ஒன்று.
மே மாதத்தில் அது அடுப்புக்கல்.
தொட்டியிலிருந்து தண்ணீர் எழுந்து போகும்,
உப்பு போகாது.
வெள்ளி மாலை முப்பத்தைந்து என்றால்
திங்கள் காலை நாற்பத்திரண்டு.
ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
நீலமும் வெள்ளையும் பிரிகிற கோட்டில் எண் இருக்கும்.
அதைப் படிப்பதும் எழுதுவதும்
குறைந்ததை ஊற்றுவதும் என் வேலை.

உவர் ஏறினால் நண்டு வேறு இடம் பார்க்கும்.
புல்லுக்கு வேர் இருக்கிறது, போக முடியாது.
மூடிக்கொள்ளவும் வாய் இல்லை;
தரையில் இருந்த காலத்து இலைத்துளைகளைக்
கடலுக்குத் திரும்பும்போது விட்டுவிட்டு வந்தது.
ஆகவே வருவதெல்லாம் உள்ளேதான் வரும்.
அறைக்குள் அறையாக அது வீடு கட்டியிருக்கிறது:
உப்பைப் பின்னறையில் தள்ளிச் சாத்துகிறது.
முன்கூடம் வற்றிவிடாதபடி
அங்கே கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் புரோலின்.
கதவின் இரண்டு பக்கமும் ஒரே இழுப்பு.
அந்தச் சர்க்கரை சும்மா வருவதில்லை.
மண்ணுக்குள் படுத்திருக்கும் தண்டின் மாவை எடுத்துக் கரைக்கிறது.
புது இலைக்கென்று வைத்திருந்த மாவு.
அந்த மாதம் அளவுகோல் வைத்துப் பார்த்து
வளர்ச்சி என்ற கட்டத்தில் சுழியம் போட்டேன்.
உயிரோடு இருந்தது. அதற்குக் கட்டம் இல்லை.

விஷாரத்தில் அத்தா
பச்சைத்தோலை உதறி உப்பைக் கொட்டுகிறவர்.
மாலையில் சட்டை முதுகில் வெள்ளைக் கோடுகள்;
தோலிலிருந்து ஒட்டியதா, உடம்பிலிருந்து வந்ததா
அவருக்கே தெரியாது.
எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஒருநாள்
பாட்டிலில் எடுத்துப்போய் ஒரு துளி விட்டேன்.
ஏழு.
கடலில் ஐந்தில் ஒரு பங்கு.
கடல் நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.
சொன்னேன். கேன் தண்ணீரை டம்ளரில் சாய்த்தபடி
"அப்ப உன் புல்ல இங்கயே நட்டுரு" என்றார்.

நவம்பரில் மாடிக் குழாய் பிளந்தது.
ஞாயிறு இரவு முழுக்க மழை
நேராக நாலாம் தொட்டிக்குள்.
திங்கள் காலை பதினொன்று.
இலைகள் ஊறிப்போன அப்பளம்,
விரலுக்கு எதிர்ப்பில்லை.
கன்னியப்பன் விடியற்காலையே வந்து
வாளி வாளியாக இறைத்திருந்தார், லுங்கி நனைந்து.
கையில் மளிகைக்கடைக் கல்லுப்பு, ஐந்து கிலோ.
"கடல்ல இருக்கறது இதானே ரஹ்மத்து,
ஒரேயடியா கொட்டிடலாம்."
அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரேயடியாக என்றால்தான் சாகும்.
இரவெல்லாம் அது பின்னறையைத் திறந்துவிட்டு
உப்பை வெளியே அனுப்பியிருக்கும்,
வெடிக்காமலிருக்க.
இப்போது வெறும் வீடு.
ஒரு நாளைக்கு மூன்று, அதற்கு மேல் கூடாது.
எட்டு நாள்.

எங்கள் கிணற்றுக்கு எத்தனை என்று
யாரும் கணக்குப் போட்டு ஊற்றவில்லை.

மூன்றாம் நாளே சின்ன இலைக்காரி போய்விட்டாள்,
தண்டும் கறுத்து.
நீள இலைக்காரி கிழ இலைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினாள்.
வடிகட்டியில் அடைத்துக்கொண்டவற்றை
கன்னியப்பன் எடுத்துத் தாளில் காயவைத்தார், ஏனென்று கேட்கவில்லை.
எட்டாம் நாள் துளி விட்டு, கண்ணாடியை நீட்டினேன்.
முதல் தடவையாக அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
"கோடு இருக்கு" என்றார்.
"எதில?"
"முப்பத்தி நாலா அஞ்சா, நடுவுல.
மூடு, கரண்ட் போகப்போவுது."