புரட்டாசிச் சனி, லாங்கெந்தால்

காலையில் எள்ளெண்ணெய் எரித்தாயிற்று.
பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக் கோயிலில்
தவநேசன் வழக்கம்போல
நேரே போய் நில்லாமல்
தூணோடு ஒட்டி, ஒரு தோளைக் காட்டிக்கொண்டு
சனீஸ்வரனைக் கும்பிட்டு வந்தான்.
ஏழரையில் இன்னும் ஒன்றேகால் வருடம் பாக்கி.

இரவு அதே ஆளை
ஊருக்கு மேலே புல்வெளிக்குக் கூட்டி வந்திருக்கிறேன்.
நான்கு தொலைநோக்கிகள்.
சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச்சுகள்.
விரும்பியதைப் போடச் சொல்லி ஒரு பிஸ்கட் தகரம்.
எங்கோ மாட்டு மணி கேட்கிறது,
மாடு இல்லை, மணி மட்டும்.

எனக்கு முன்னால் பதினொரு பேர்
சனி பார்க்க நிற்கிறார்கள்.
பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் ஒருவர்
"உனக்குத்தான் முதலில்" என்கிறார் அதனிடம்.
"இதுக்குக் காசு வேற குடுக்கினம்"
என்றுவிட்டுத் தவநேசன்
காருக்குப் போய்க் கதவைத் திறந்தான்.

வெள்ளை வெளிச்சம்.
புல்வெளி முழுக்க ஒரே குரலில் கத்தியது.
கண்ணுக்குள் இருட்டு ஊற
இருபது நிமிடம் வேண்டுமாம்;
எல்லாருடைய இருபதையும்
ஒரு கதவால் கொட்டிவிட்டான்.

நடத்துபவர் பெயர் ஊர்ஸ். கரடி என்று அர்த்தமாம்.
அவர் வடக்கே கை நீட்டிக் காட்டியதும் கரடிதான்,
நமக்கு ஏழு முனிவர்கள்.
"கண்ணாடியைக் கழற்றுங்கள்" என்றார்.
கழற்றினேன். அவர் முகம் போயிற்று,
வரிசை போயிற்று, சிவப்புப் பொட்டுகள் பஞ்சாயின.

குழாய்க்குள்ளும் பஞ்சுதான் முதலில்.
முன்னால் பார்த்தவரின் கண்ணுக்குத் திருகியிருந்தது.
அவர் கண்ணிலிருந்து என் கண்ணுக்கு
மெல்ல, அரைத் திருகு, இன்னும் ஒரு துளி,

எலுமிச்சம்பழம்.
நடுவில் ஊசி குத்திய சின்ன எலுமிச்சம்பழம்.
வளையம் இந்த வருடம் விளிம்பைத்தான் காட்டுகிறதாம்.
இதற்கா தூணோடு ஒட்டி நிற்கிறோம்?
கேட்டு முடிக்குமுன்
ஓரத்துக்கு நழுவி வெளியே போயிற்று.
"அது ஓடவில்லை" என்றார் ஊர்ஸ். "நாம்தான்."

தவநேசனைக் கூப்பிட்டேன்.
வந்தான், இரண்டு கையிலும் சூப்புக் கோப்பை,
குனிய முடியாது என்பதற்குச் சாட்சியாக.
ஊர்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டார்.
மற்றதை நான் வாங்கிக்கொண்டேன்.
குனிந்தான்.
யூரா பக்கத்திலிருந்து முகில் வந்து மூடியது.

"தப்பிச்சன்" என்றான்.
சிரித்தான். ஆனால்
கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தான்.

காரடியில் கதவைத் திறக்கவில்லை.
கைப்பிடியில் கை.
முகில் எங்கேயோ கிழிந்திருக்க வேண்டும்.
"அந்த மஞ்சளா? மரத்துக்கு மேலே?"
நேரே நின்றுதான் கேட்டான்,
இரண்டு தோளும் அதற்கு எதிரே.

என் கண்ணாடி
தகரத்துக்குப் பக்கத்தில், மேசையில் கிடந்தது.

"ஓம், அதுதான்" என்றேன்.
எனக்கு மரமே தெரியவில்லை.