இரண்டாம் கை

ஜுனைதீன் நானாவின் பழைய பேப்பர்க் கடையில்
தராசில் ஏறுமுன் கட்டைப் பிரிக்க
எனக்கு மட்டும் அனுமதி.
கிலோவுக்கு இருபது ரூபாய் கூட.
"செய்தியக் கிழிச்சிடாதீங்க தங்கச்சி" என்பார்.
செய்தியை யார் தேடினார்கள்?
எனக்கு வேண்டியது ஆறாம் பக்கத்தின் அடி,
மூன்று கட்டம்,
ஓட்டைவாளி ஒண்டிமுத்து.

முதற் கட்டத்தில் வாளி தளும்பும்.
இரண்டாவதில் யாராவது மறித்துப் பேசுவார்கள்:
விதானை, வட்டிக்காரன், வேலை தேடும் மச்சான்.
மூன்றாவதில் வாளி காலி.
ஒன்றரை வருடம், நாள் தவறாமல்,
அவ்வளவுதான் கதை.
அவன் மூக்குநுனியில் தொங்கும் ஒரு சொட்டைத் தவிர
ஒருநாளும் எதுவும் மிஞ்சியதில்லை.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே
என் போட்டோகொப்பிக் கடை.
பிறப்புச் சான்றிதழ், பென்ஷன் படிவம்,
வெளிநாடு போகிறவர்களின் பாஸ்போர்ட் முகங்கள்,
பகலெல்லாம் வெளிச்சம் தடவிப் போகும்.
ஆறு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கி
பூதக்கண்ணாடியோடு உட்காருவேன்.

அப்படித்தான் கண்டேன்:
இருநூற்று நாற்பதாம் இலக்கத்திலிருந்து
மழை சாய்கிறது.

அதுவரை நேராக விழுந்த மழை,
அடிமட்டம் வைத்துக் கீறிய மழை,
தென்னைக்கும் தார் ரோட்டுக்குமான மழை.
இது வேறு.
பள்ளத்திலிருந்து ஏறி வந்து
குடையை ஏமாற்றிக் கழுத்தில் நுழைவது.
இதில் நனையாமல் இதைக் கீற முடியாது.
காதும் மாறியிருக்கிறது.
முன்பு கேள்விக்குறி, இப்போது அவரைவிதை.
கையெழுத்து மட்டும் அதே மு.சூ.

பதுளையில் ஞானசெல்வத்துக்கு எழுதினேன்.
என்னிடம் இல்லாத எண்பத்தெட்டு அவரிடம்,
அவரிடம் இல்லாத நூற்றிரண்டு என்னிடம்,
ஆறு வருடமாய்த் தபாலில் முறைத்துக்கொள்கிறோம்.
பதில் ஒரே வரி:
"தூரிகை தேய்ந்திருக்கும். கற்பனை வேண்டாம்."

டிக்கோயாப் பக்கம் ஒரு லயத்துக் காம்பராவில்
சுவர் முழுக்கப் பேப்பர் என்று
கொப்பி எடுக்க வந்த பெடியன் சொன்னான்.
ஞாயிற்றுக்கிழமை கேத்தலோடு போனேன்.
அன்னலெச்சுமி வாசலை மறித்து நின்றாள்:
"பேப்பரக் கொண்டு போயிருவீங்க.
காத்து வந்தா நீங்களா வந்து நிப்பீங்க?"
நியாயமான கேள்வி.
உரிப்பதற்கெல்லாம் கொப்பி எடுத்து
அதே இடத்தில் ஒட்டித் தருவதாக ஒப்பந்தம்.
பசையும் என் செலவு.

ஆவி பிடிக்கப் பிடிக்கச்
சுண்ணாம்பு, அடுப்புக்கரி, ஒரு தேர்தல்,
மண்ணெண்ணெய் விலை,
அதற்கும் அடியில் அவன்.
இலக்கம் இருநூற்று எழுபத்தொன்று,
ஞானசெல்வத்திடமும் இல்லாதது.
ஒண்டிமுத்து வாளியோடு மலையேறுகிறான்.
எதிரே கொழுந்துக் கூடையோடு ஒருத்தி.
வாளி ஒழுகுவதைப் பார்க்கிறாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாம் கட்டத்தில் ஆணி ஓட்டை,
ஏதோ கலண்டர் தொங்கிய இடம்,
சரியாக வாளியின் அடியில்.

சிரித்துவிட்டேன்.
அன்னலெச்சுமி சிரிக்கவில்லை.
ஈரக் கடுதாசியை வெளிச்சத்தில் பிடித்து,
வாளியை விட்டுவிட்டு, கூடையையே பார்த்தாள்.
"கயிறு மண்டையில கெடக்கு பாருங்க.
கழுத்தச் சாய்ச்சுத்தான் நிக்கிறா.
பாதிக் கூட, ஈரக் கொழுந்து.
இத வரஞ்சது
கூடைய எறக்கி வச்ச ஆளு."

ஆள் என்றாள்.
ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை.
முதல் கை வரைந்த கூடைகளும் என்னிடம் உண்டு.
கயிறு தோளில் கிடக்கும்,
பள்ளிக்கூடப் பை மாதிரி.

அன்றிரவு கையெழுத்தைத் திரும்பப் பார்த்தேன்.
மு.சூ., அதன் கீழே ஒரு புள்ளி.
இருநூற்று நாற்பதுக்கு முன் எதிலும் இல்லாத புள்ளி.
பெயர் போட வழியில்லாதவர் போட்ட பெயரோ,
அச்சுக்கூடத்து ஈயத்தூசோ.
ஞானசெல்வத்துக்குக் காட்டலாமென்று
மெஷினில் வைத்து எடுத்தால்
என் கண்ணாடியிலும் ஒரு பொட்டு அழுக்கு,
எடுக்கும் தாளிலெல்லாம் விழுகிறது.
துடைத்தும் போகவில்லை.

இரண்டு புள்ளியோடு கொப்பி டிக்கோயாச் சுவருக்கு.
மூலத்தை, ஆணி ஓட்டையோடு,
பதிவுத் தபாலில் பதுளைக்கு அனுப்பினேன்.
திருப்பி அனுப்புங்கள் என்று எழுத
மறந்துபோனது
தபால் வேன் கிளம்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.